அம்பு யாரிடமிருந்து யாருக்கு: கான்டெக்ஸ்ட்களுக்கு இடையே ஓடும் செய்திகளை வரைந்து பார்த்தல்

ராமேஸ்வரத்தில் ஒரு விசைப்படகு கடலுக்குள் போக வேண்டுமானால் மீன்வளத் துறையிடம் அன்றைய டோக்கனை வாங்கியாக வேண்டும். காற்று பலமாக வீசும் என்று எச்சரிக்கை வந்திருந்தால் டோக்கன் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்திலும் கிடையாது. டோக்கன் கிடைத்த படகு டீசல் பிடித்து, ஐஸ் ஏற்றி, ஆள் சேர்த்துப் புறப்படுகிறது. கரை திரும்பியதும் இறால் கம்பெனிக்கும், நண்டு அதற்குரிய வியாபாரிக்கும், நல்ல மீன் ஏலத்துக்கும், சங்காயம் எனப்படும் கழிவு மீன் தீவனத்துக்கும் பிரிந்து போக, கடைசியில் செலவைக் கழித்துவிட்டு உரிமையாளரும் தொழிலாளர்களும் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். இத்தனை பேருக்கு இடையில் நாள்தோறும் ஏராளமான தகவல் கைமாறுகிறது: சில கேள்விகளாக, சில உத்தரவுகளாக, சில ‘இது நடந்துவிட்டது’ என்னும் அறிவிப்புகளாக. இந்தத் தொழிலை மென்பொருளில் கொண்டுவர நினைக்கும் ஒரு குழு, நிரல் எழுதத் தொடங்கும் முன் அந்தத் தகவல் ஓட்டத்தை எப்படி வரைந்து பார்ப்பது, வரைந்த படத்தில் எதைத் தேடுவது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. இதில் வரும் மென்பொருள் இங்குள்ள எந்த அலுவலகத்திலும் இயங்குவது அன்று. விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது. தொழிலின் நடைமுறை மட்டும் இந்தக் கரையுடையது.

பவுண்டட் கான்டெக்ஸ்ட் (எல்லையிட்ட சூழல்; இனிச் சுருக்கமாகக் கான்டெக்ஸ்ட்) என்னும் கருத்தை மென்பொருள் வடிவமைப்பாளர் எரிக் எவான்ஸ் 2003இல் வெளியான தம் டொமைன் டிரிவன் டிசைன் நூலில் முன்வைத்தார். ஒரு பெரிய தொழில் முழுவதற்கும் பொருந்தும் ஒரே தரவு மாதிரியை உருவாக்க முயல்வது வீண் வேலை என்பதும், ஒவ்வொரு பகுதிக்கும் தனி மாதிரி, அந்த மாதிரி செல்லுபடியாகும் தெளிவான எல்லை, அந்த எல்லைக்குள் எல்லோரும் ஒரே பொருளில் வழங்கும் சொற்கள் என்று அமைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதும் அதன் சாரம். நம் உதாரணத்தில், டோக்கன் வழங்கும் இடத்துக்குப் படகு என்பது ஐஎன்டி டிஎன் 10 எம்எம் என்று தொடங்கும் ஒரு பதிவு எண்ணும் அதன் உரிமமும்தான். டீசல் நிலையத்தைப் பொறுத்தவரை அது வரிவிலக்கு அளவு வரையறுக்கப்பட்ட ஒரு கணக்கு. இறால் கம்பெனியின் பேரேட்டில் அது முன்பணம் நிலுவையில் உள்ள ஒரு பெயர். இந்த மூன்றையும் ஒரே அட்டவணையில் திணித்தால், டீசல் விதி மாறும் நாளில் ஏலக் கணக்கும் சேர்ந்து உடையும். ஆகவே கடல் அனுமதி, டீசல் வழங்கல், கரை இறக்கம், ஏலம், முன்பணக் கணக்கு, பங்குக் கணக்கு, ஏற்றுமதிச் சான்று என்று தனித்தனிக் கான்டெக்ஸ்ட்களாகப் பிரிக்கிறோம். வானிலை எச்சரிக்கை நம் கையில் இல்லாத வெளி அமைப்பு. ஆனாலும் அதற்கும் படத்தில் ஒரு கட்டம் வேண்டும்.

பிரித்த பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. பிரிந்த பகுதிகள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். எவான்ஸ் இதற்குக் கான்டெக்ஸ்ட் மேப் என்ற படத்தைத் தந்தார்: எந்தக் கான்டெக்ஸ்ட் எதைச் சார்ந்திருக்கிறது, யாருடைய மாதிரிக்கு யார் அடங்கிப் போகிறார்கள், யார் நடுவே ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கை வைத்துத் தம்மைக் காத்துக்கொள்கிறார்கள் என்பதை அது காட்டும். அது நிலையான உறவுகளின் படம். கடல் அனுமதிக்கும் வானிலைக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது என்று அதிலிருந்து தெரியும். அந்தக் கோட்டின் வழியே விடியற்காலை நாலு மணிக்கு என்ன போகிறது, யார் முதலில் பேசுகிறார், பதில் வரும்வரை யார் காத்து நிற்கிறார், பதில் வராவிட்டால் என்ன ஆகிறது என்பது தெரியாது. என் அனுபவத்தில், பல கான்டெக்ஸ்ட்களாகப் பிரித்த அமைப்புகள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் கேள்விகளில்தான்.

இந்தக் குறையை நிரப்ப வந்தது செய்தியோட்ட வரைபடம். டொமைன் மெசேஜ் ஃப்ளோ மாடலிங் என்ற பெயரில் நிக் டியூன் முன்வைத்த இந்த முறையை, டிடிடி (டொமைன் டிரிவன் டிசைன்) க்ரூ என்னும் குழு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. தொழிலைக் கண்டறிந்து, அதைப் பகுதிகளாகப் பிரித்த பிறகு, பகுதிகள் கூடி வேலை செய்யுமா என்று சோதிக்கும் கட்டத்தில் இதைப் பயன்படுத்துகிறார்கள். படத்தின் உறுப்புகள் குறைவு. கான்டெக்ஸ்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். மனிதர்களுக்கும் வெளி அமைப்புகளுக்கும் வேறு அடையாளம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் செய்திக்கு ஓர் அம்பு, அதன்மேல் செய்தியின் பெயர், வகை, வரிசை எண். ஒரு படத்தில் ஒரே ஒரு கதைதான் வரும். ‘எச்சரிக்கை இல்லாத நாளில் விசைப்படகு டோக்கன் பெற்றுப் புறப்படுகிறது’ என்பது ஒரு கதை; ‘டோக்கன் கொடுத்த பிறகு எச்சரிக்கை வருகிறது’ என்பது வேறொரு கதை, அதற்கு வேறொரு படம். இரண்டையும் ஒரே தாளில் வரைய முற்படும் குழுக்கள் கடைசியில் யாராலும் படிக்க முடியாத ஒரு வலையை வரைந்துவிட்டு எழுந்து போகின்றன.

செய்தியின் வகை என்பது வெறும் அலங்காரம் அன்று. கட்டளை, நிகழ்வு, வினவல் என்று மூன்று வகை உண்டு. கட்டளைக்கு ஒரே ஒரு பெறுநர்; அவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் அனுப்பியவர் ஒரு விளைவை எதிர்பார்க்கிறார். வினவலை அனுப்பியவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார். பெறுநரிடத்தில் எதுவும் மாறுவதில்லை. நிகழ்வு என்பது நடந்து முடிந்ததன் அறிவிப்பு. அதைக் கேட்பவர் ஒருவரா பத்துப் பேரா, கேட்டு என்ன செய்கிறார்கள் என்பது அறிவித்தவரின் கவலையே அன்று. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை நினைத்துப் பார்த்தால் நிகழ்வின் இயல்பு முழுவதும் விளங்கும். கூண்டு யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வலையைச் சுருட்டு என்றோ படகை நங்கூரமிடு என்றோ சொல்வதில்லை. நிலைமை இன்னது என்று அறிவிக்கிறது. அதைப் பார்த்து மீன்வளத் துறை டோக்கனை நிறுத்துகிறது, படகுக்காரர் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார், ஐஸ் வியாபாரி அன்றைய ஐஸ் கட்டியைக் குறைக்கிறார். மூவரின் முடிவும் அவரவருடையது.

இப்போது முதல் கதையை வரைவோம். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முறை உள்ள ஒரு நாள். எச்சரிக்கை ஏதும் இல்லை. முதல் அம்பு உரிமையாளரிடமிருந்து கடல் அனுமதிக்கு: ‘டோக்கன் வழங்கு’ என்னும் கட்டளை. இரண்டாவது அம்பு கடல் அனுமதியிடமிருந்து வானிலைக்கு: ‘இன்று பாக் நீரிணையில் எச்சரிக்கை உண்டா?’ என்னும் வினவல். மூன்றாவது, ‘டோக்கன் வழங்கப்பட்டது’ என்னும் நிகழ்வு. அதை டீசல் வழங்கலும் பங்குக் கணக்கும் கேட்கின்றன. நான்காவது, ‘டீசல் வழங்கப்பட்டது’ என்னும் நிகழ்வு. அதையும் பங்குக் கணக்கு கேட்டு அந்தப் பயணத்தின் செலவில் எழுதிக்கொள்கிறது. நாலே அம்பு. யார் வரைந்தாலும் முதல் முயற்சியில் ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

இந்தப் படத்தில் இரண்டாவது அம்பின்மேல் விரலை வைத்து நிறுத்த வேண்டும். நூற்றுக்கணக்கான படகுகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் டோக்கன் கேட்கும் இடத்தில், ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு முறை வெளி அமைப்பைக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறோம். அந்த இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? டோக்கனே கொடுக்காமல் நிறுத்தினால், காற்றே இல்லாத நாளில் முழுத் துறைமுகமும் கரையில் நிற்கும். பதில் வராததை ‘எச்சரிக்கை இல்லை’ என்று நிரலர் எடுத்துக்கொண்டால், அதன் விலையைக் கடலில் இருப்பவர்கள் கொடுப்பார்கள். இந்த முடிவை யாரோ ஒருவர் இரவு பதினொரு மணிக்கு ஒரு பிழைக்கையாளும் வரியில் எழுதிவிட்டுப் போவதற்கும், படத்தை நடுவில் வைத்துத் துறை அதிகாரியும் படகுக்காரர்களின் பிரதிநிதியும் நிரலரும் சேர்ந்து பேசி எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஒரு வினவல் அம்பைக் கண்டதும் ‘இது பதில் தராவிட்டால்?’ என்று கேட்கும் பழக்கம் ஒன்றுக்காகவே இந்த வரைபடம் வரையத் தக்கது என்று நான் நினைக்கிறேன்.

மாற்று வழி, அம்பைத் திருப்புவது. கடல் அனுமதி கேட்பதற்குப் பதிலாக, வானிலை அறிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும் அது ஒரு நிகழ்வாக வந்து சேரட்டும். கடல் அனுமதி அதன் கடைசி நிலையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். டோக்கன் நேரத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. ‘எச்சரிக்கை விடுக்கப்பட்டது’, ‘எச்சரிக்கை விலக்கப்பட்டது’ என்ற இரண்டு நிகழ்வுகளை மட்டும் வைத்தால், முதலாவது வழியில் தொலைந்துபோகும் நாளில் கடல் அனுமதி அமைதியாக டோக்கன் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு எதுவும் தெரிய வழியில்லை. செய்தி வராமல் இருப்பதும், எச்சரிக்கை இல்லை என்ற செய்தி வருவதும் ஒன்றல்ல. ஆகவே நிகழ்வையே மாற்றி, ‘வானிலை அறிக்கை வெளியானது’ என்று வைத்து, எச்சரிக்கை உண்டா இல்லையா என்பதோடு அந்த அறிக்கை எந்த நேரம் வரை செல்லும் என்பதையும் உள்ளே எழுத வேண்டும். செல்லுபடியாகும் அறிக்கை கையில் இல்லையென்றால் டோக்கன் தானாக நிற்கும். அலுவலர் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டு கைப்பட அனுமதிக்கும் வழி தனி அம்பாகப் படத்தில் ஏறும். நாலு அம்பில் தொடங்கிய படம் இப்போது ஐந்து அம்பு ஆகியிருக்கிறது. கூடுதலாக வந்த அந்த ஓர் அம்பில்தான் பாதுகாப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது கதை: டோக்கன் கொடுத்தாகிவிட்டது, டீசலும் பிடித்தாகிவிட்டது, பாதிப் படகுகள் இன்னும் ஜெட்டியில், மீதி கடலில், அப்போது பலத்த காற்று எச்சரிக்கை வருகிறது. கடல் அனுமதி அதைக் கேட்டு ‘டோக்கன் ரத்து செய்யப்பட்டது’ என்று அறிவிக்கிறது. தரவுத்தளத்தில் செய்வதைப் போல எல்லாவற்றையும் பழைய நிலைக்கு உருட்டிவிட முடியாது, ஏனென்றால் டாங்கில் ஊற்றிய டீசல் நிலையத்துக்குத் திரும்பிப் போகாது. பல படிகளில் நீளும் ஒரு வேலை நடுவில் அறுந்தால், முடிந்த படிகளை அழிக்காமல் அவற்றுக்கு ஈடுகட்டும் வேறு படிகளைச் செய்வது என்னும் வழியை ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் 1987இல் சாகா என்ற பெயரில் விளக்கினார்கள். இங்கே அந்த ஈடு என்பது, பிடித்த டீசலைப் படகின் அடுத்த பயணத்துக்கு முன்கொண்டு எழுதுவது. அதைச் செய்ய வேண்டியது டீசல் வழங்கலா பங்குக் கணக்கா என்ற கேள்வி படத்தில்தான் முதன்முதலாக எழும். கான்டெக்ஸ்ட் மேப்பில் அதற்கு இடமே இல்லை. என் தீர்ப்பு பங்குக் கணக்கு என்பது. டீசல் வழங்கலின் பார்வையில் நடந்தது விற்பனை, அது உண்மை, அது மாறவில்லை. எந்தப் பயணத்தின் செலவு என்பது மட்டுமே மாறியிருக்கிறது, அதுவோ பங்குக் கணக்கின் அறிவு.

கடலில் இருக்கும் படகுகளுக்குச் செய்தி எப்படிப் போகிறது? விஎச்எஃப் வயர்லெஸ் வழியாக, அல்லது சிக்னல் கிடைக்கும் தூரம் வரை கைப்பேசி வழியாக, அல்லது பக்கத்துப் படகின் டிரைவர் வழியாக. இது மென்பொருளுக்கு வெளியே நடக்கிறது என்பதற்காகப் படத்திலிருந்து விடக் கூடாது. மனிதர்கள் வாய்வழியாகக் கடத்தும் செய்தியையும் அம்பாகவே வரைய வேண்டும், வேண்டுமானால் புள்ளிக் கோட்டில். யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு வரைந்த படம், கணினிகள் மட்டும் வாழும் ஒரு கரையின் படம்.

மூன்றாவது கதையில்தான் வளம் அதிகம். படகு கரை திரும்பி மீன் இறக்குகிறது. விற்று முடிந்து பங்கு பிரிகிறது. முதல் வரைவில், கரை இறக்கம் ‘மீன் இறக்கப்பட்டது’ என்று அறிவிக்க, ஏலம் அதைக் கேட்டு ஏலம் விட, ‘விற்பனை முடிந்தது’ என்ற நிகழ்வைப் பங்குக் கணக்கு கேட்கிறது. நேர்த்தியான படம், ஆனால் நடப்பு இப்படி இல்லை. பல படகுகள் வலைக்கும் இன்ஜினுக்கும் பழுதுக்கும் கம்பெனியிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்கியிருக்கின்றன. வாங்கிய படகு இறாலை அவர்களுக்கே கொடுத்தாக வேண்டும், விலையும் பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான். ஆகவே ஏலம் ஒவ்வொரு கூடைக்கும் முன்பணக் கணக்கிடம் ‘இந்தப் படகின் இறால் கட்டுப்பட்டதா?’ என்று வினவ வேண்டும். பதில் வந்ததும் ஒன்று ஏலம் விட வேண்டும், அல்லது கம்பெனி விலை என்ன என்று மறுபடி வினவ வேண்டும். விற்றதும் முன்பணத்தில் இவ்வளவு கழி என்று கட்டளை அனுப்ப வேண்டும். கழித்த தொகையைத் திரும்பக் கேட்டுப் பங்குக் கணக்குக்குச் சொல்ல வேண்டும். திருத்தி வரைந்தால், ஏலத்துக்கும் முன்பணக் கணக்குக்கும் நடுவே அம்புகள் போவதும் வருவதுமாக நெருங்கி நிற்கும்.

இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரே கதையில் அம்புகள் மாறி மாறிப் பாய்ந்தால், எல்லைக்கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது முதலில் தோன்றும் தீர்வு. ஆனால் கடன் நிலுவையும் வட்டியும் ஏலத்தின் அறிவுக்குள் வந்தால், ஏலக்காரருக்குத் தெரியக் கூடாத கடன் விவரமெல்லாம் அவர் திரையில் வந்து நிற்கும். ஆகவே நான் வேறு விதமாகப் பிரிப்பேன். கரையில் இன்று நடப்பதைக் கூர்ந்து பார்த்தால், எந்தச் சரக்கு எங்கே போக வேண்டும் என்ற முடிவு ஏலத்துக்கு முன்பே, கூடை கரையில் வைக்கப்படும்போதே, கணக்குப்பிள்ளையின் வாயால் எடுக்கப்படுகிறது. அது தனி அறிவு, தனி முடிவு. அதற்குச் சரக்குப் பிரிப்பு என்று ஒரு கான்டெக்ஸ்ட் வைத்து, முன்பணக் கணக்கு ‘ஒப்பந்தம் ஏற்பட்டது’, ‘ஒப்பந்தம் தீர்ந்தது’ என்ற நிகழ்வுகளை அதற்கு அறிவிக்கும்படி செய்தால், படகு கரை சேரும்போது யாரையும் கேட்காமலே சரக்குப் பிரிப்பு முடிவெடுக்கும்: இறால் கம்பெனிக்கு, மீதி ஏலத்துக்கு. ஏலத்துக்கு வருவது கட்டுப்படாத சரக்கு மட்டுமே. நிலுவைத் தொகை முன்பணக் கணக்கை விட்டு வெளியே வருவதே இல்லை. விற்பனையைக் கேட்டு அது தானே கழித்துக்கொண்டு, கழித்த தொகையை மட்டும் பங்குக் கணக்குக்கு அறிவிக்கிறது. போய் வந்த அம்புகள் ஒரு திசையில் ஓடும் சங்கிலியாகிவிட்டன. இந்தக் கான்டெக்ஸ்டை எந்தத் தரவுத்தள அட்டவணையைப் பார்த்தும் கண்டுபிடித்திருக்க முடியாது; கணக்குப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அம்பு வரைந்தால்தான் ‘இல்லை தம்பி, அது முன்னாடியே முடிவாகிவிடும்’ என்று அவர் சொல்வார்.

இந்தச் சங்கிலியின் ஒரு செய்தியை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம்: கரை இறக்கத்தின் ‘மீன் இறக்கப்பட்டது’. அதனுள் படகின் பதிவு எண், டோக்கன் எண், இறங்கிய இடம், நேரம், வகைவாரியாக எடை ஆகியவை இருக்கின்றன. விலை இல்லை, ஏனெனில் இறக்கும்போது விலை தெரியாது. உரிமையாளரின் வங்கிக் கணக்கு இல்லை, ஏனெனில் அது பங்குக் கணக்கின் சொந்த விஷயம். இதுவரை எளிது. இப்போது சங்கிலியின் கடைக்கோடியில் நிற்கும் ஏற்றுமதிச் சான்றைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல், கடலில் பிடித்து இறக்குமதியாகும் மீனுக்கு, அது முறைப்படி பிடிக்கப்பட்டது என்னும் சான்றைக் கேட்கிறது. இந்தியாவில் அந்தச் சான்றை உறுதிசெய்வது கடல் உணவு ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பிடா. அதற்கு எந்தப் படகு, எந்தக் கடல் பகுதி என்பது தெரிய வேண்டும். மீன் எங்கே பிடிபட்டது என்பதை ஜெட்டியில் டிரைவரிடம் கேட்காமல் விட்டால், கூடைகள் கலந்து, ஐஸ் பெட்டியில் அடுக்கப்பட்டு, லாரி ஏறிய பிறகு உலகில் யாராலும் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பிடித்த பகுதி என்ற ஒரு புலம் இந்தச் செய்தியில் சேர வேண்டும், அதை நிரப்பும் பொறுப்பு கரை இறக்கத்துக்கு வர வேண்டும். செய்தியோட்டத்தை இடமிருந்து வலமாக வரைந்தாலும், ஒரு முறை வலமிருந்து இடமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்: கடைசியில் நிற்பவருக்கு வேண்டியது முதலில் நிற்பவரின் கையை விட்டுப் போகும் முன் பதிவாகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

அம்புகளின்மேல் எழுதும் 1, 2, 3 என்ற எண்கள் வாசிப்பவரை ஏமாற்றக் கூடியவை. அவை கதையின் வரிசை. கணினிகளை இணைக்கும் பிணையம் தரும் உறுதி அன்று. தனித்தனிக் கணினிகளில் நடக்கும் இரண்டு நிகழ்வுகளில், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருந்தாலன்றி, எது முந்தியது என்று சொல்வதற்கே பொருள் இல்லாமல் போகலாம் என்று லெஸ்லி லாம்போர்ட் 1978ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார். காரண உறவு இருந்தால்கூட, மூன்றாம் நபரிடம் அவை தலைகீழாக வந்து சேரலாம். நம் முதல் கதையில் டோக்கனும் டீசலும் இரண்டு வெவ்வேறு வழிகளில் பங்குக் கணக்கை அடைகின்றன. டீசல் நிகழ்வு முந்திக்கொண்டு வந்தால், இல்லாத ஒரு பயணத்தின் செலவாக நிற்கும். பங்குக் கணக்கு எது முதலில் வந்தாலும் டோக்கன் எண்ணை வைத்துப் பயணக் கணக்கைத் திறந்துகொள்ளும்படி எழுதினால் தீர்ந்தது. அதேபோல, ஒரு செய்தியைக் குறைந்தது ஒரு முறையாவது சேர்ப்போம் என்று உறுதி தரும் அமைப்புகள் அதே செய்தியை இரண்டு முறையும் சேர்க்கலாம். டீசல் செலவு இருமுறை ஏறினால் குறைவது தொழிலாளியின் பங்கு. அவர் கையில் கிடைக்கும் காசு எப்படிக் கணக்கிடப்பட்டது என்று அவர் மென்பொருளைத் திறந்து பார்க்கப் போவதில்லை. எனவே பணத்தைத் தொடும் ஒவ்வொரு அம்புக்கும் ‘இது இரண்டு முறை வந்தால்?’ என்ற கேள்வியைப் படத்தின் ஓரத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

பழைய முறைகளோடு இதற்குள்ள உறவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மென்பொருளை வரைந்து காட்டும் யுஎம்எல் முறையின் சீக்வென்ஸ் வரைபடமும் செய்திகளை வரிசையாகக் காட்டுவதுதான். ஆனால் அது நிரலின் நுணுக்கத்துக்குள் இறங்கிவிடும், மீன் வியாபாரி ஒருவரால் அதைப் படித்துத் திருத்த முடியாது. ஆல்பர்ட்டோ பிராண்டோலினி 2013 வாக்கில் பரப்பிய ஈவென்ட் ஸ்டார்மிங், சுவர் நிறைய ஒட்டுத்தாள்களை ஒட்டி நிகழ்வுகளைக் கண்டுபிடிக்க உதவுவது. எல்லைகளை எங்கே போடலாம் என்று அதிலிருந்து ஊகிக்கலாம். போட்ட எல்லை தாங்குமா என்று சோதிப்பது செய்தியோட்ட வரைபடத்தின் வேலை. ஆகவே ஒன்றன் பின் ஒன்றாக இரண்டையும் செய்வதே முறை.

படத்தில் காஃப்கா, ரேபிட்எம்க்யூ, ரெஸ்ட் ஏபிஐ போன்ற, செய்தி கடத்தும் தொழில்நுட்பங்களின் பெயர்கள் எழுதப்படுவதை நான் விரும்புவதில்லை. ஒரு செய்தி நிகழ்வா வினவலா என்பது தொழிலின் கேள்வி. அது எந்தக் குழாயில் போகிறது என்பது அதற்குப் பின்னால் வரும் கேள்வி. குழாயின் பெயரை முதலில் எழுதிவிட்டால், துறை அதிகாரியும் கணக்குப்பிள்ளையும் அந்த நிமிடமே பேச்சிலிருந்து விலகிவிடுவார்கள், மீதி நேரம் முழுவதும் நிரலர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். செய்திகளின் பெயரும் அப்படியே: ‘படகுத் தரவு புதுப்பிக்கப்பட்டது’ என்ற பெயரில் எந்தத் தொழிலும் இல்லை. அது உரிமம் புதுப்பிக்கப்பட்டதா, உரிமையாளர் மாறினாரா, படகு பழுதுக்கு ஏற்றப்பட்டதா என்று கேட்டுப் பிரித்தால், ஒவ்வொன்றையும் கேட்பவர் வேறு வேறு என்பது உடனே தெரியும்.

மெல்வின் கான்வே 1968இல் எழுதிய கட்டுரையில், ஓர் அமைப்பை வடிவமைக்கும் நிறுவனத்தின் உள் தகவல் தொடர்பு எப்படியோ அப்படியே அந்த அமைப்பின் வடிவமும் அமையும் என்றார். ஏலத்தை எழுதும் குழு சென்னையிலும் முன்பணக் கணக்கை எழுதும் குழு மதுரையிலும் இருந்து, இரண்டுக்கும் நடுவே போய்வரும் அம்புகள் நிறைந்திருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு குழுவும் கூட்டம் போட வேண்டியிருக்கும். அம்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, உண்மையில், மனிதர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதுமாகும். ஒரே குழு, ஒரே நிரல்தளம், இரண்டே கான்டெக்ஸ்ட் என்றால் இந்த முயற்சி எதுவும் தேவையில்லை, வாய்ப்பேச்சே போதும்.

அமைப்பு ஓடத் தொடங்கிய பிறகு, வரைந்தபடிதான் செய்திகள் போகின்றனவா என்று பார்க்கும் வசதியும் இன்று உண்டு. கூகுள் 2010இல் டாப்பர் என்னும் தன் தடமறி அமைப்பைப் பற்றி எழுதியது. ஓபன்டிரேசிங், ஓபன்சென்சஸ் என்ற இரு திட்டங்கள் 2019இல் இணைந்து உருவான ஓபன்டெலிமெட்ரி அந்த வழியை எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஒரு டோக்கன் கோரிக்கைக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, அது தொடும் ஒவ்வொரு கான்டெக்ஸ்டிலும் அதே எண்ணைப் பதிந்தால், உண்மையில் ஓடிய அம்புகளின் படம் தானாகக் கிடைக்கும். அந்தப் படம் கையால் வரைந்ததற்கு மாற்று ஆகாது. நடந்ததை அது காட்டும். நடந்திருக்க வேண்டியதைக் காட்டாது. வானிலை அறிக்கை வராத காலையில் தடமறி அமைப்பில் எந்தக் கோடும் இருக்காது, பிழை என்று சிவப்பும் எரியாது. கையால் வரைந்த படத்தில் அங்கே ஓர் அம்பு இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வராத செய்தி தெரியவரும்.

செய்தியின் உள்ளடக்கத்தையும் புலங்களின் வகைகளையும் வரைபடத்தில் எழுதத் தேவையில்லை. அதற்கு அசின்க்ஏபிஐ போன்ற விவரக்குறிப்பு வடிவங்கள் இருக்கின்றன. பிடித்த பகுதி என்ற புலம் ‘மீன் இறக்கப்பட்டது’ செய்தியில் சேரும் நாளில், வரைபடம், விவரக்குறிப்பு, நிரல் மூன்றும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஒரே கிட் களஞ்சியத்தில் இருந்தால், மூன்றின் மாற்றமும் ஒரே பரிசீலனைக்கு வரும்; ஏற்றுமதிச் சான்றை எழுதும் குழுவையும் அந்தப் பரிசீலனைக்கு அழைக்க வேண்டும் என்பது படத்தில் உள்ள அம்பைப் பார்த்தாலே தெரியும்.